‘பர்மிஷன் டினைட்’ என்று சர்வர் சொன்னால் என்ன அர்த்தம்? எஸ்எஸ்எச் கீ லாகின் சொதப்பும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

சனிக்கிழமை இரவு 11 மணிக்கு போன் அடித்தது. “டேய், முழிச்சிருக்கியா? சர்வர் என்னை உள்ளே விடமாட்டேங்குது.”

அழைத்தவன் நெய்வேலியில் என்னோடு பள்ளியில் படித்த நண்பன். இப்போது சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் டெவலப்பர். வார இறுதிக்காக ஆர்ச் கேட்டில் பஸ் இறங்கி, அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தான். கையில் ஆபீஸ் கொடுத்த புது லேப்டாப். மறுநாள் காலை 8 மணிக்கு, அவர்கள் பராமரிக்கும் தளத்தில் ஒரு பயிற்சி மையத்தின் ஆன்லைன் மாதிரித் தேர்வு. அதற்கு முன் சர்வரில் ஒரு சின்னத் திருத்தம் போட வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால், உள்ளே போனால்தானே?

நான் படித்தது ஊடகவியல். எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கின் சர்வரோடு மல்லுக்கட்டிய அனுபவம்தான் என் தகுதி. அந்த இரவில் ஒரே கதவு அவன் முகத்தில் மூன்று முறை சாத்தப்பட்டது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. லினக்ஸ் சர்வரைத் தொடும் எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் இது நடக்கும் என்பதால், அந்த வரிசையிலேயே பார்த்துவிடுவோம்.

முதலில், எஸ்எஸ்எச் என்றால் என்ன?

தூரத்தில் இருக்கும் ஒரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து வேலை செய்ய உதவும் வழிதான் எஸ்எஸ்எச். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென், அதற்குத் தீர்வாக எழுதியதுதான் இது. அதுவரை புழக்கத்தில் இருந்த டெல்நெட்டில் பாஸ்வேர்டு அப்பட்டமாகப் பயணிக்கும். எஸ்எஸ்எச் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து அனுப்பியது. 1999-ல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் வெளியிட்ட ஓப்பன்எஸ்எஸ்எச்தான் இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் ஓடுகிறது.

இதில் பாஸ்வேர்டு போட்டும் நுழையலாம், ‘கீ’ வைத்தும் நுழையலாம். கீ என்பது எப்போதும் ஜோடி. பிரைவேட் கீ உங்கள் லேப்டாப்பை விட்டு நகரவே கூடாது. பப்ளிக் கீயை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சர்வரில் ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ என்று ஒரு ஃபைல் இருக்கும். யார் யாரெல்லாம் உள்ளே வரலாம் என்ற பப்ளிக் கீ பட்டியல் அது.

நீங்கள் கதவைத் தட்டும்போது, உங்கள் லேப்டாப் பிரைவேட் கீயால் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பும். பட்டியலில் இருக்கும் பப்ளிக் கீயோடு அந்தக் கையெழுத்து பொருந்துகிறதா என்று சர்வர் பார்க்கும். பொருந்தினால் கதவு திறக்கும். ரகசியம் உங்கள் லேப்டாப்பை விட்டு வெளியே போவதே இல்லை. பாஸ்வேர்டைவிட இது பாதுகாப்பானது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முதல் சாத்தல்: ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’

நண்பனுக்கு முதலில் வந்தது இதுதான். கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது, கடைசியில் ‘டைம்ட் அவுட்’. அவன் உடனே கீயைச் சந்தேகப்பட்டான். புது கீ உருவாக்கவும் ஆரம்பித்துவிட்டான்.

இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். டைம்ட் அவுட் என்றால் நீங்கள் இன்னும் கதவு வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. கீ சரியா தவறா என்ற பேச்சே எழவில்லை. இதற்கான காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: ஐபி முகவரி மாறியிருக்கும், சர்வர் நின்றிருக்கும், அல்லது நடுவில் ஃபயர்வால் மறித்திருக்கும்.

“சென்னையில வேலை செஞ்சுது, இங்க செய்யல, அவ்ளோதானே?” என்று கேட்டேன். பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. அவர்களுடைய சர்வரின் ஃபயர்வாலில் ஆபீஸ் ஐபிக்கு மட்டும்தான் அனுமதி. நெய்வேலி வீட்டு பிராட்பேண்டின் ஐபி அந்தப் பட்டியலில் இல்லை. பழைய லேப்டாப்பில் ஆபீஸ் விபிஎன் இருந்ததால் இந்த விஷயம் அவனுக்கு இதுவரை உறைக்கவே இல்லை. புது லேப்டாப்பில் விபிஎன் போட்டதும் டைம்ட் அவுட் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி நேரத்தில் ‘உலகம் முழுக்க அனுமதி’ என்று ஃபயர்வாலைத் திறந்துவிடும் ஆசை வரும். வேண்டாம். இணையத்தில் திறந்து கிடக்கும் 22-ம் எண் போர்ட்டைத் தேடி தானியங்கி புரோகிராம்கள் ராத்திரி பகலாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தற்காலிகமாகத் திறந்ததை மூட மறப்பதுதான் மனித இயல்பு.

இதற்குப் பக்கத்து வீட்டு எரர் ஒன்று இருக்கிறது: ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை என்று பொருள். எஸ்எஸ்எச் சேவை நின்றிருக்கலாம், அல்லது போர்ட் எண்ணை யாராவது மாற்றியிருக்கலாம்.

இரண்டாவது சாத்தல்: ‘பர்மிஷன் டினைட் (பப்ளிக்கீ)’

இப்போது கதவு வரைக்கும் வந்தாச்சு. ஆனால், சர்வர் கீயை ஏற்கவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை, பழைய கீ பழைய லேப்டாப்போடு ஆபீஸுக்குத் திரும்பிப் போய்விட்டது. புது கீ சர்வர் பட்டியலில் இல்லை.

நண்பன் புது பப்ளிக் கீயை வாட்ஸ்அப்பில் சென்னையில் இருந்த சக ஊழியருக்கு அனுப்பினான். அவர் தன் லாகினில் இருந்தபடியே அதைப் பட்டியலில் ஒட்டினார். இருவரும் பயன்படுத்துவது ஒரே பொதுக் கணக்கு. மறுபடியும் ‘டினைட்’.

இந்த இடத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, எஸ்எஸ்எச் கட்டளையோடு ‘-விவிவி’ சேர்த்து ஓட்டுவது. ‘என்ன நடக்குதுன்னு விளக்கமாச் சொல்லு’ என்று கேட்பது போலத்தான். பக்கம் பக்கமாக எழுத்து ஓடும், பயப்பட வேண்டாம். மூன்று விஷயங்களைத் தேடினால் போதும்.

- எந்தப் பயனர் பெயரில் உள்ளே போக முயல்கிறீர்கள்? பாதிப் பிரச்சினை இங்கேயே இருக்கும். அமேசான் கிளவுடில் உபுண்டு சர்வர் என்றால் பயனர் பெயர் ‘உபுண்டு’, அமேசான் லினக்ஸ் என்றால் ‘ஈசி2-யூசர்’. பெயர் தவறாக இருந்தாலும் வருவது இதே ‘டினைட்’தான்.
- ‘ஆஃபரிங் பப்ளிக் கீ’ என்ற வரியில் எந்த ஃபைல் காட்டப்படுகிறது? நீங்கள் நினைத்த கீயைத்தான் லேப்டாப் நீட்டுகிறதா? இல்லையென்றால் ‘-ஐ’ போட்டு சரியான ஃபைலைக் கைகாட்டுங்கள்.
- ‘சர்வர் அக்செப்ட்ஸ் கீ’ என்று வருகிறதா? வந்தால் பட்டியல் சரி, சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில். வரவில்லை என்றால் பட்டியலிலோ, அதைப் படிப்பதிலோ கோளாறு.

எங்கள் விஷயத்தில் பெயர் சரி, கீ சரி, ஆனால் ‘அக்செப்ட்ஸ்’ வரவில்லை. அப்படியென்றால் கோளாறு சர்வர் பக்கம்.

காரணம் அற்பமானது. அது விடிந்த பிறகுதான் தெரிந்தது. ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் ஒரு கீ என்றால் ஒரே ஒரு வரி. எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரே வரி. நண்பனுடையது நீளமான ஆர்எஸ்ஏ வகைக் கீ. காப்பி செய்து ஒட்டும்போது நடுவில் உடைந்து மூன்று வரியாகிவிட்டது. கண்ணுக்கு எல்லா எழுத்தும் இருக்கும், சர்வருக்கோ அது கீயே இல்லை. உள்ளே நுழைய வேறொரு வழி இருக்கும்போதே ‘எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி’ என்ற கட்டளையைப் பயன்படுத்தினால் இந்தக் கை ஒட்டு வேலையே தேவைப்படாது. இல்லையென்றால் ஈடி25519 வகைக் கீயை உருவாக்குங்கள். அதன் பப்ளிக் கீ ரொம்பக் குட்டி, உடைய வாய்ப்பும் குறைவு.

ஆனால், அந்த நேரத்தில் நாங்கள் இதைப் பார்க்கவில்லை. அதற்குள் மூன்றாவது சம்பவம் நடந்துவிட்டது.

மூன்றாவது சாத்தல்: 777 என்ற ‘மந்திரம்’

“பர்மிஷன்தானே பிரச்சினை, எல்லா பர்மிஷனும் குடுத்துடுவோம்.” நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு இது மிக நியாயமான யோசனையாகத் தோன்றும். சக ஊழியரிடம் சொல்லி ஹோம் ஃபோல்டர் முழுக்க ‘சிஎச்மாட் -ஆர் 777’ போடச் சொன்னான். அதாவது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்.

அவரும் போட்டார். சரியாகிவிட்டதா என்று சோதிக்க, தன் லாகினை மூடிவிட்டு மறுபடி நுழையப் பார்த்தார். ‘பர்மிஷன் டினைட்’. இப்போது அவருக்கும் கதவு மூடிவிட்டது. சர்வருக்குள் யாருமே இல்லை. தேர்வுக்கு ஏழு மணி நேரம்.

என்ன ஆச்சு? எஸ்எஸ்எச்சில் ‘ஸ்ட்ரிக்ட் மோட்ஸ்’ என்று ஒரு காவல் விதி இருக்கிறது. நாமாக அணைக்காதவரை அது இயங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் ஹோம் ஃபோல்டரிலோ, கீ பட்டியலிலோ அடுத்தவர் எழுத முடியும் என்றால் அந்தப் பட்டியலையே சர்வர் நம்பாது. காரணம் எளிது. பட்டியலில் யார் வேண்டுமானாலும் பெயர் சேர்க்கலாம் என்றால் பட்டியல் எதற்கு? கதவைத் திறக்க அதிக அனுமதி கொடுத்தார்கள். அந்த அதிக அனுமதியே கதவை மூடிவிட்டது.

இருக்க வேண்டிய அளவு இதுதான்:

- ஹோம் ஃபோல்டர்: உரிமையாளர் தவிர வேறு யாரும் எழுத முடியக் கூடாது. 755 அல்லது 750.
- அதற்குள் புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டர்: 700.
- ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல்: 600.
- இவை எல்லாம் அந்தந்தப் பயனரின் பெயரிலேயே இருக்க வேண்டும். ரூட் கணக்கில் இருந்துகொண்டு ஃபைல் உருவாக்கினால் உரிமையாளர் மாறிவிடும். அதையும் கவனியுங்கள்.
- உங்கள் லேப்டாப்பில் பிரைவேட் கீ: 600. அடுத்தவர் படிக்கிற மாதிரி இருந்தால், ‘அன்புரொடெக்டட் பிரைவேட் கீ ஃபைல்’ என்று பெரிய எழுத்தில் எச்சரித்துவிட்டு அந்தக் கீயையே எஸ்எஸ்எச் ஒதுக்கிவிடும். பென் டிரைவில் காப்பி செய்த கீக்கு இது அடிக்கடி நடக்கும்.

ஏன் சர்வர் காரணத்தைச் சொல்வதில்லை?

கவனித்தீர்களா? பெயர் தவறானாலும், கீ வரி உடைந்தாலும், 777 போட்டாலும் வருவது ஒரே வாசகம்: ‘பர்மிஷன் டினைட்’. இது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. கதவைத் தட்டுவது நீங்களா திருடனா என்று சர்வருக்குத் தெரியாது. ‘அப்படி ஒரு பயனர் இங்கே இல்லை’ என்று சொன்னால்கூட திருடனுக்கு அது ஒரு துப்பு.

உண்மையான காரணத்தை சர்வர் தன் டைரியில் மட்டும் எழுதிவைக்கும். உபுண்டு, டெபியன் வகைகளில் ‘ஆத்’ லாக், ரெட் ஹேட் வகைகளில் ‘செக்யூர்’ லாக். இரண்டும் ‘வார்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘லாக்’ ஃபோல்டரில் கிடைக்கும். புதிய சர்வர்களில் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையிலும் பார்க்கலாம். எங்கள் சர்வரின் டைரியில் இருந்த வரி: ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி’. அடுத்து எந்த ஃபோல்டர் என்ற விலாசமும் இருந்தது. பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால், அந்த டைரி இருப்பது பூட்டிய கதவுக்கு உள்ளே. சக ஊழியர் உள்ளே இருந்தபோதே அதைப் பார்த்திருந்தால் 777-க்கு வேலையே வந்திருக்காது.

இந்த லாக்குகளுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. இந்தியாவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சைபர் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

‘நேத்து வரைக்கும் வேலை செஞ்சுதே’ வகைகள்

எங்கள் கதையில் வராத, ஆனால் அடிக்கடி வரும் சில சிக்கல்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

‘டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்’: உங்கள் லேப்டாப்பில் பத்து கீ இருக்கிறது. அது ஒவ்வொன்றாக நீட்டுகிறது. சர்வர் வழக்கமாக ஆறு முயற்சிதான் பொறுக்கும். சரியான கீ ஏழாவதாக இருந்தால், அதன் முறை வருவதற்குள் கதவு மூடிவிடும். எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் கீயைக் குறிப்பிட்டு, ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்’ என்று போட்டால் அந்த ஒன்றை மட்டும் நீட்டும்.

சர்வரை அப்டேட் செய்த பிறகு பழைய கீ வேலை செய்யவில்லை: 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 பதிப்பு, ஷா-1 முறையில் போடும் ஆர்எஸ்ஏ கையெழுத்தை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. உபுண்டு 22.04-ல் இருப்பது அதற்கும் அடுத்த 8.9. கீயில் தவறில்லை, பழைய மென்பொருள் போடும் கையெழுத்து முறைதான் காலாவதி. லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்எச் மென்பொருளைப் புதுப்பித்தாலே போதும், அல்லது ஈடி25519 கீக்கு மாறிவிடுங்கள். பழைய முறையை சர்வரில் மறுபடி இயக்குவது கடைசி வழியாக மட்டும் இருக்கட்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் டினைட்: ரெட் ஹேட் வகை சர்வர் என்றால் எஸ்இலினக்ஸைச் சந்தேகப்படுங்கள். கீ ஃபைலை வேறு இடத்திலிருந்து நகர்த்தி வைத்திருந்தால் அதன் பாதுகாப்பு லேபிள் தவறாக இருக்கலாம். எஸ்எஸ்எச் ஃபோல்டர் மீது ‘ரெஸ்டோர்கான்’ கட்டளையை ஓட்டினால் சரியாகும். எஸ்இலினக்ஸையே அணைப்பது இன்னொரு 777.

கதவு மாறியிருக்கிறது என்று எச்சரித்தால்?

‘ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்சுடு’ என்று கட்டம் கட்டி ஒரு எச்சரிக்கை வரும். இது முற்றிலும் வேறு ரகம். இங்கே சர்வர் உங்களைச் சந்தேகப்படவில்லை, உங்கள் லேப்டாப்தான் சர்வரைச் சந்தேகப்படுகிறது. ‘முன்பு பார்த்த சர்வரின் அடையாளம் வேறு, இப்போது காட்டும் அடையாளம் வேறு, நடுவில் யாராவது உட்கார்ந்திருக்கலாம்’ என்கிறது.

2023 மார்ச் 24 வெள்ளிக்கிழமை, இந்திய நேரப்படி காலை பத்தரை மணி வாக்கில் உலகம் முழுக்க டெவலப்பர்கள் இந்த எச்சரிக்கையைப் பார்த்தார்கள். நம்ம ஊரில் அது சரியாக வேலை சூடுபிடிக்கும் நேரம். கிட்ஹப் நிறுவனத்தின் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் பிரைவேட் கீ, பொதுவில் திறந்திருந்த ஒரு ரெப்போவில் சிறிது நேரம் தவறுதலாக வெளியாகியிருந்தது. முன்னெச்சரிக்கையாக அந்தக் கீயையே நிறுவனம் மாற்றிவிட்டது. அதனால்தான் எச்சரிக்கை.

அன்று சரியாகச் செய்தவர்கள் யார்? புதிய அடையாளத்தின் கைரேகையை, அதாவது ஃபிங்கர்பிரிண்டை, கிட்ஹப் தன் அதிகாரபூர்வப் பக்கத்தில் வெளியிட்டிருந்தது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ‘எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர்’ கட்டளையில் கிட்ஹப் முகவரியைக் கொடுத்து பழைய பதிவை நீக்கியவர்கள்தான். ஒப்பிடாமல் நீக்கியவர்களுக்கும் அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அந்தப் பழக்கம் என்றாவது ஒருநாள் விலை கேட்கும்.

கடைசியில் கதவு எப்படித் திறந்தது?

கிளவுட் நிறுவனங்கள் பெரும்பாலும் பிரவுசர் வழியே திறக்கும் ஒரு அவசர கன்சோல் வைத்திருக்கும். அதற்கு எஸ்எஸ்எச் தேவையில்லை. ஆனால், அந்தக் கணக்கின் லாகின் நண்பனின் மேலாளரிடம் மட்டும்தான் இருந்தது. அவர் போன் சைலன்ட்டில். காலை ஐந்தரைக்கு எழுந்தவர் பதினாலு மிஸ்டு காலைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். கன்சோலில் நுழைந்து, லாகைப் படித்து, பர்மிஷன்களைச் சரிசெய்து, உடைந்த கீ வரியை ஒன்றாக்க இருபது நிமிடம். தேர்வு 8 மணிக்கு ஆரம்பித்தது. மாணவர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது.

அடுத்து அவர்கள் பார்த்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் மொத்தம் ஆறு கீ இருந்தன. மூன்று யாருடையவை என்று தெரிந்தது. ஒன்று, வேலையை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆன ஒருவருடையது. மீதி இரண்டு? யாருக்கும் தெரியவில்லை. உள்ளே வர வேண்டியவன் ராத்திரி முழுக்க வெளியே நின்றான். வரக் கூடாதவர்களுக்குக் கதவு அத்தனை நாளும் திறந்தே இருந்திருக்கிறது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. டவுன்ஷிப்பில் வேலை இருக்கும்வரைதான் குவார்ட்டர்ஸ். ரிட்டயர் ஆனால் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நண்பனின் அப்பாவுக்கு அடுத்த வருடம் அந்த நாள். காலையில் காபி குடித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டவர், “இங்க சாவியைத் திருப்பி வாங்காம யாரையும் அனுப்ப மாட்டாங்க. உங்க ஆபீஸ்ல வாங்கறதே இல்லையா?” என்று கேட்டாராம்.

அன்றே அந்த மூன்று வரிகளும் நீக்கப்பட்டன.

அடுத்த முறைக்கு ஒரு செக்லிஸ்ட்

1. எரரை முழுசாகப் படியுங்கள். டைம்ட் அவுட் என்றால் நெட்வொர்க், ரெஃப்யூஸ்டு என்றால் சேவை அல்லது போர்ட், டினைட் என்றால் பெயர், கீ, பர்மிஷன்.
2. லேப்டாப்பில் ‘-விவிவி’, சர்வரில் லாக். இரண்டையும் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.
3. உள்ளே ஒருவர் இருந்தால், புது லாகின் வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை அந்த செஷனை மூடாதீர்கள். சோதனை எப்போதும் இரண்டாவது விண்டோவில்.
4. எஸ்எஸ்எச் சர்வர் கான்ஃபிக்கை மாற்றினால், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ‘எஸ்எஸ்எச்டி -டி’ ஓட்டிப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.
5. பிரைவேட் கீயை வாட்ஸ்அப், மெயில் எதிலும் அனுப்பாதீர்கள். புது லேப்டாப் என்றால் புது கீ.
6. அவசர கன்சோலின் லாகின் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருமுறை திறந்தும் பார்த்துவிடுங்கள்.
7. ஒவ்வொரு கீ வரியின் கடைசியிலும் யாருடையது என்று பெயர் எழுதுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே அவருடைய வரியை நீக்குங்கள்.
8. 777 போடலாமா என்று கை போனால், லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.